தறிச் சத்தம் கேட்காத போன்

முதலில் ஒரு பச்சைக் கோடுதான் வந்தது. காலையில் சார்ஜரிலிருந்து போனைப் பிடுங்கினால், திரையின் வலது பக்கம் மேலிருந்து கீழ்வரை மயிரிழை மாதிரி ஒரு கோடு. முந்தானையால் துடைத்தேன். அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். அதன் தலையில் ஒரு குட்டு வைக்காத குறைதான், போகவில்லை. முந்தின நாள் படுக்கப் போகும்போது அது ஏதோ அப்டேட் கேட்டது. நானும் எல்லாம் தெரிந்தவள் மாதிரி சரி என்று தட்டிவிட்டுப் படுத்திருந்தேன். தறியில் இருந்த வீட்டுக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலில் ஒரு இழை கலர் மாறி ஏறின மாதிரி இருக்கிறது என்றார். அவருக்கு எதைக் காட்டினாலும் பாவும் இழையும்தான்.

அவருக்குச் சிரிப்பு. எனக்குப் பிழைப்பு. அந்த போன்தான் எங்கள் கடை. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் அவர் நெய்வார், நான் விற்பேன். போர்டு கிடையாது, கல்லாப்பெட்டி கிடையாது, கோயிலுக்கு வருகிறவர்களை ஆட்டோவில் ஏற்றி அழைத்துவர புரோக்கர் கிடையாது. கட்டில் மேல் புடவையை விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புவேன். அதற்காகவே ஒரு கம்பெனி அந்த வருஷம் விட்டதிலேயே பெரிய போனாகப் பார்த்து வாங்கினேன். அரக்குக் கலரைக் கொஞ்சம் கறுப்பாகக் காட்டும், மாம்பழ மஞ்சளைக் கொஞ்சம் வெளுப்பாகக் காட்டும். ஆனால் அதன் பொய்யெல்லாம் எனக்கு அத்துப்படி. எந்தப் புடவையை எந்த ஜன்னலில் வைத்து எடுத்தால் உண்மை வரும் என்று தெரியும்.

என் மகள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு போன் கம்பெனியில் வேலை செய்கிறாள். திருப்பருத்திக்குன்றம் பக்கமிருந்து வரும் கம்பெனி பஸ் எங்கள் தெருமுனையில் நின்று அவளை ஏற்றிக்கொண்டு போகும். நாள் முழுக்க யார் யாருடைய போனையோ சரிபார்க்கிற வேலை, ஆனால் தன்னுடைய போனை வாசலிலேயே லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அவள் கோட்டைப் பார்த்ததும் டாக்டர் மாதிரி தலையை ஆட்டினாள்.

"ஒண்ணு வந்தா இன்னொண்ணு வரும்மா. ரெண்டாவது லைன் வந்துட்டா எக்ஸ்சேஞ்சுல எவனும் தொடமாட்டான். இந்த மாசக் கடைசிக்குள்ள மாத்திடு."

மாற்றச் சொன்னது வேறொரு கம்பெனியின் பெரிய போனுக்கு. அவளே அதில் ஒன்று வாங்கி வைத்திருந்தாள்.

அன்றைக்குப் பிடித்தது எனக்குப் பித்து. அடுப்பில் சோறு கொதிக்கும், நான் பச்சைக் கோட்டுக்குப் பின்னால் யாரோ ஒரு பையன் இரண்டு போனையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு பேசுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருவன் இதைப் போல உண்டா என்பான். அடுத்தவன் அதை வாங்கினால் உருப்பட மாட்டாய் என்பான். ஒருவன் நிலாவைப் படம் எடுத்துக் காட்டினான். நிலாவுக்குப் புடவை கட்டியா விற்கப் போகிறேன் என்று அவனைத் திட்டிவிட்டு, அதே வீடியோவை முதலிலிருந்து போட்டுப் பார்த்தேன். கடைக்குப் போய்ப் புதிதைக் கையில் எடுத்து, எடை பார்த்து, ஓரத்தைத் தடவி, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வருவேன். மறுநாளும் போய் அதையே சொல்வேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் பெட்டியை எடுப்பதை நிறுத்திவிட்டார். தூங்கி எழுந்தால் முதல் வேலை, இரண்டாவது கோடு வந்துவிட்டதா என்று பார்ப்பது. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட நான் இப்படி அலைபாயவில்லை. இதை வீட்டுக்காரரிடம் சொன்னேன். அப்போது உனக்கு வேறு மாடல் காட்டவில்லை என்றார்.

இந்த அவஸ்தையின் நடுவில்தான் தறியில் கோயம்புத்தூர் அம்மாவின் புடவை ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மாவை நான் நேரில் பார்த்ததே இல்லை. பல வருஷமாக அவர் வீட்டு வளைகாப்பு, காதுகுத்து, கிரகப்பிரவேசம் எல்லாவற்றுக்கும் எங்கள் புடவைதான். சொந்தபந்தம் பாதியை அவர்தான் எங்களிடம் அனுப்பிவைத்தார். இப்போது அவர் மகளுக்குக் கல்யாணம், முகூர்த்தப் புடவை. ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: உங்கள் வீட்டுத் தறியில், உங்கள் வீட்டுக்காரர் கையால் நெய்ய வேண்டும், வெளியே வாங்கிக் கொடுக்கக் கூடாது. சரி என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அவர் வைத்திருப்பது பட்டன் போன். படமெல்லாம் பெங்களூரில் வேலையில் இருக்கும் மகளுக்குத்தான் போகும். அம்மா வெறும் குரல்தான். வாரம் தவறாமல் கூப்பிட்டு, புடவை எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்பார்.

யார் கூப்பிட்டாலும் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. நான் போனைக் காதில் வைத்ததும் அவர் தறியை நிறுத்திவிடுவார். ஒரே கூடம், தறி ஓடினால் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதே கேட்காது. ஆரம்பத்தில் நான் கையைக் காட்டி நிறுத்துங்க, நிறுத்துங்க என்று கத்தியதில் பழகினது. பிறகு கத்த வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. நிறுத்தி மறுபடி ஆரம்பித்தால் அந்த இடத்தில் நெசவின் அழுத்தம் ஒரு பொட்டு மாறும், அது தன் கண்ணுக்குத் தெரியும் என்பார். "உன் போன் வந்த எடமெல்லாம் புடவையில இருக்குது" என்று கிண்டல் செய்வார். எந்த வாடிக்கையாளரும் இதுவரை கண்டுபிடித்ததில்லை. நானும் கண்டுபிடித்ததில்லை.

என் ஊசலாட்டத்தைப் பார்த்துச் சகிக்காமல் மகள் ஒரு வழி சொன்னாள். கொஞ்ச நாளைக்கு அவள் போனை நான் வைத்துக்கொள்வது, கோடு விழுந்ததை அவள் எடுத்துக்கொள்வது. எப்படியும் அவளுக்கு அது லாக்கரில்தான் தூங்கப் போகிறது. சிம்மை மாற்றிப் போட்டுக்கொண்டோம்.

புது போன் வந்த அன்றே எனக்குப் பாதி மனசு சாய்ந்துவிட்டது. தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே மயிலாப்பூர் வாடிக்கையாளர் ஒருவர் கூப்பிட்டார். வீட்டுக்காரர் நிறுத்துவதற்குள் நான் எடுத்து, தொண்டை கிழியக் கத்தினேன். ஏன் கத்துகிறீர்கள், பக்கத்தில் இருந்து பேசுகிற மாதிரி தெளிவாக இருக்கிறதே என்றார். மகள் வந்ததும் சொன்னேன். அவளுக்குத் தானே செய்த போன் மாதிரி பெருமை. சுற்றி இருக்கிற இரைச்சலை அது வடிகட்டிவிட்டு, பேசுகிறவர் குரலை மட்டும் அனுப்புமாம். அன்றிலிருந்து வீட்டுக்காரரிடம் நிறுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவரும் நிறுத்தவில்லை. நான் பேசினேன், அவர் நெய்தார். மதியத்துக்குள் புடவை முழம் முழமாக இறங்கியது, அவர் முகத்தில் ஒரு தெளிச்சி. இதற்காகவே மாற்றிவிடலாம் என்று காலையில் முடிவெடுப்பேன். அரக்கை ரத்தச் சிவப்பாகக் காட்டுகிறதே, இதன் பொய்யைப் பழக எத்தனை நாளாகுமோ என்று சாயங்காலம் முடிவை மாற்றுவேன். மாசக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஒரு நாள் காலையில் கோயம்புத்தூர் அம்மா கூப்பிட்டார். புடவை முந்தானைக்கு வந்துவிட்டது என்றேன். சந்தோஷப்படவில்லை. கொஞ்சம் இழுத்து இழுத்துப் பேசினார். அப்புறம் கேட்டுவிட்டார்.

"ஏங்கண்ணு, உங்கூட்டுத் தறியை எடுத்துட்டீங்களா? போன வாரமும் சத்தமில்லை, இன்னைக்கும் சத்தமில்லை. வெளிய வாங்கித்தான் குடுக்கறதுன்னா சொல்லிப்போடுங்க. ஏமாத்த வேண்டாம்."

அவர் அதைச் சொல்லும்போது எனக்கு நாலடி தள்ளி தறி கூரை அதிர ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிறதம்மா, இதோ பக்கத்தில்தான் ஓடுகிறது என்றேன். போனைத் தறிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே கண்ணு என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. பெங்களூரில் இருக்கும் அவர் மகளுக்கு ஒரு வீடியோ எடுத்து அனுப்பினேன். அது ஒற்றை டிக்கோடு நின்றது.

கோபம் கோபமாக வந்தது. அந்த அம்மாவின் மேல் இல்லை, அவர் காதுக்குக் கேட்டதை அவர் சொன்னார். வடிகட்டச் சொல்லி இந்த போனை யார் கேட்டது? நாங்கள் வயிறு வளர்க்கிற சத்தம் அதற்கு இரைச்சலா? அடுத்த தெருவில் இருக்கும் என் நாத்தனாரைக் கூப்பிட்டு, தறிச் சத்தம் கேட்கிறதா என்றேன். இல்லையே, இன்னிக்குத் தறி ஓட்டலையா என்றாள். புடவை போனால்கூட இன்னொருத்தர் வாங்குவார். ஏமாற்றுக்காரி என்ற பேர் கோயம்புத்தூரில் ஒரு வீட்டில் விழுந்தால், அந்தச் சொந்தபந்தம் முழுக்க விழும். பார்க்காமலேயே நம்பின மனுஷி. அதுதான் சுட்டது.

பழைய போன் இருந்தால் இந்த நிமிஷமே கேட்க வைத்துவிடலாம். அதுவோ ஸ்ரீபெரும்புதூரில் லாக்கருக்குள் இருந்தது. என் மகளைக் கூப்பிடவும் வழியில்லை. அன்றைக்கு எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சாம்பாரில் உப்பை இரண்டு தரம் போட்டேன். வீட்டுக்காரர் அதையே சாப்பிட்டுவிட்டுப் போய்த் தறியில் உட்கார்ந்தார். அவரிடம் விஷயத்தைச் சொல்லவில்லை. தன் கையைச் சந்தேகப்பட்டார்கள் என்று தெரிந்தால் அந்தப் புடவையை அவர் தொடுவாரோ மாட்டாரோ என்று பயம். வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்து நடந்து குதிகால் வலித்தது.

பஸ் வந்தது. மகள் செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் பையிலிருந்து போனைப் பிடுங்கினேன். விஷயத்தைக் கேட்டதும் அவள், செட்டிங்கில் அதை ஆஃப் பண்ணிவிடலாமே அம்மா, இதுக்கா இவ்வளவு என்றாள். அந்த நேரத்தில் செட்டிங்கை நம்ப எனக்கு மனசில்லை. தாலிச் சரட்டில் மாட்டியிருந்த ஊக்கை எடுத்துக் குத்தி சிம்மை வெளியே எடுத்தேன். ஒருவழியாக மாற்றி, பச்சைக் கோடு தெரியத் தெரிய நம்பரைத் தேடி அழுத்தினேன். தறி நல்ல வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஓடட்டும், இன்னும் ஓடட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ரிங் போயிற்று. எடுத்தார். நான் போனைக் காதில் வைத்து, அம்மா, இப்போது கேளுங்கள் என்றேன்.

தறி நின்றுவிட்டது.

திரும்பிப் பார்த்தால், வீட்டுக்காரர் கையை மடியில் வைத்துக்கொண்டு சாதுவாக உட்கார்ந்திருக்கிறார். பழைய போனை என் கையில் பார்த்திருக்கிறார், பழைய வழக்கம் தானாக வந்துவிட்டது. பேசி முடி, அப்புறம் ஆரம்பிக்கிறேன் என்கிற அதே முகம். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

"நெய்யுங்க," என்று கத்தினேன். "நிறுத்தாதீங்க, நெய்யுங்க."

அவருக்குப் புரியவில்லை. மகளைப் பார்த்தார். அவள் நெய்யுப்பா, நெய்யுப்பா என்று கையை ஆட்டினாள். தறி மெதுவாக ஆரம்பித்து, பிறகு பழைய வேகத்துக்கு வந்தது. அந்த அம்மா வைத்துவிட்டாரோ என்று பயந்து, அம்மா, அம்மா என்றேன்.

"இருக்கறேன் கண்ணு. நீங்க நெய்யச் சொல்லியே இருக்க வேண்டியதில்லை. நின்னுச்சு பாருங்க, அப்பவே தெரிஞ்சுபோச்சு. எப்பக் கூப்பிட்டாலும் தறி ரெண்டு அடி கேக்கும், அப்புறம் நிக்கும். நாம பேசறதுக்காக ஒருத்தரு கையை நிறுத்திக்கறாருன்னு நினைச்சுக்குவேன். அந்தக் கையில நெய்ஞ்சதுதான் என் பொண்ணு கட்டோணும்னு சொன்னேன்."

காலையில் பேசினதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொன்னார். வைத்துக்கொள்ள என் மனசில் இடமே இல்லை. இத்தனை வருஷமாக வீட்டுக்காரர் தறியை நிறுத்துவதை நான் ஒரு சௌகரியமாகத்தான் நினைத்திருந்தேன். நன்றாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். முகம் தெரியாத ஒரு மனுஷி கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு அதை மரியாதையாக எடுத்துக்கொண்டிருக்கிறாள். கூடவே இருக்கிற எனக்கு அது தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

போனை வைத்துவிட்டு வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சந்தேகப்பட்டதற்கு அவர் கோபப்படவில்லை. "நெய்யுன்னு நீ சொன்னது இத்தினி வருஷத்துல இன்னிக்குத்தான்," என்றார்.

மகள் புது போனில் அந்தச் செட்டிங்கை அணைத்துக் காட்டினாள். தறிச் சத்தம் நன்றாகவே கேட்டது. மாற்றாமல் இருக்க இப்போது ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் மாசக் கடைசி வந்தது, போயிற்று, நான் கடைப் பக்கம் போகவில்லை. கடைக்காரருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். மகள் சொன்ன மாதிரியே இரண்டாவது கோடும் வந்தது, இது ஊதா. பார்த்தேன், வைத்தேன். யார் கூப்பிட்டாலும் நிறுத்த வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். சரி என்பார். போனைக் காதில் வைத்தால் தறி நின்றுவிடும். நெய்யுங்க என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன்.

முகூர்த்தப் புடவையைத் தறியிலிருந்து அறுத்து எடுத்த அன்று, மடிப்பதற்கு முன் அவர் முந்தானைக்குப் பக்கத்தில் ஓரிடத்தில் விரலை வைத்தார். "அன்னிக்கு நின்னது இங்கதான்," என்றார். நான் ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தேன், விரலால் தடவிப் பார்த்தேன், பழைய போனில் படம் எடுத்துப் பெரிதாக்கியும் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த இடம் கசங்காமல் உள்பக்கம் வரும்படி மடித்து, கோயம்புத்தூருக்கு அனுப்பினேன்.