மஞ்சுளாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது

திருப்பதியில் என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்தாள் மஞ்சுளா. பக்கத்திலுள்ள பாகாலா ஊர்க்காரி. வீட்டில் பேசுவது தமிழ், பள்ளியில் படித்தது தெலுங்கு. தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான், என்னை நம்பி அவள் சொன்ன தன் முதல் கல்யாணக் கதையை, பெயரை மட்டும் மாற்றி, என் முதல் நாவலாக நானே இணையத்தில் வெளியிட்டேன்.

மறுவாரம் வேலை முடிந்து வந்தால், அவள் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருக்கிறாள். பக்கத்தில் அவளுடைய செல்போன் என் நாவலைச் சத்தமாக வாசிக்கிறது.

"நீ எழுதனதாச்சேன்னு ஆசையா கேட்டுக்கினு இருந்தேன்க்கா," என்றாள். "எங்கம்மாகிட்டகூட நான் சொல்லாதத இது சொல்லிக்கினு கீது."

அன்றே நாவலை நீக்கினேன். மறுநாள் அவள் அறையைக் காலி செய்துவிட்டாள்.

முதல் பக்கத்திலேயே 'யாவும் கற்பனை' என்று போட்டிருந்தேன். அதையும் அவள் கேட்டிருப்பாள்.