எறும்புக்குக் கற்பனை உண்டா?

என் மருமகள் கற்பனையைப் பற்றிப் படித்தாள். ரயில் ஏறிப் போய், பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து, வருஷக்கணக்காக அது ஒன்றைப் பற்றியே படித்தாள். அந்தக் காலத்துக் கிரேக்க நாட்டுக்காரர்கள் கற்பனை என்பது என்னவென்று நினைத்தார்கள், அவர்களுக்குப் பின்னால் வந்த கவிஞர்களும் கதைக்காரர்களும் அதை என்ன பாடு படுத்தினார்கள் என்பதுதான் பாடம். முடித்தால் டாக்டர் பட்டம். ஊசி போடாத டாக்டர்.

நாங்கள் அப்போது நியூஜெர்சியில், வெஸ்ட் வின்ட்சரில் ஒரு அபார்ட்மென்டில் இருந்தோம். தொண்ணூற்றொன்பதாம் வருஷம். என் மகனுக்குக் கம்ப்யூட்டர் வேலை. இரண்டாயிரம் பிறந்ததும் உலகத்தில் உள்ள கம்ப்யூட்டரெல்லாம் குழம்பிப் போய் நின்றுவிடும் என்று ஒரு பயம் இருந்ததே, அப்படி ஆகாமல் பார்ப்பதுதான் அவன் வேலை. நடக்காத ஒன்றை நினைத்துப் பார்த்துப் பயப்படுவதற்கு மகனுக்குச் சம்பளம். அப்படி நினைத்துப் பார்ப்பது மனுஷனுக்குள்ளே எங்கே நடக்கிறது என்று கண்டுபிடிப்பதற்கு மருமகளுக்குப் படிப்பு. இப்படி ஒரு வீடு அந்த ஊரில் வேறு யாருக்கு வாய்த்தது?

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், எழுதுவதும் அப்படியே. மெதுவாகத்தான் போகும். அவசரக்காரர்கள் வேறு வேலை பார்த்துவிட்டு வரலாம்.

கோயிலில், பிறந்தநாள் விருந்துகளில், சின்னப் பெண்கள் என்னிடம் வந்து வருத்தப்படுவார்கள்.

"ஆன்ட்டி, உங்க மருமக பேசாம ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸ் பண்ணலாமே? டக்குனு ஜாப் கெடச்சிரும். கிரீக் எல்லாம் படிச்சு என்ன பண்ணப் போறாங்க?"

"கம்ப்யூட்டர் படிச்சவங்க இந்த ஹாலு பூரா நிக்கிறீங்க. கற்பனை படிச்சவ எங்க வீட்ல மட்டுந்தாம்மா இருக்கா" என்பேன். அதோடு பாயசம் எடுக்கப் போய்விடுவார்கள்.

வெளியே அப்படிப் பேசினாலும் எனக்குள் ஒரு கலக்கம் இருந்தது. என் மருமகளுக்குப் பயம் வந்தால் சிரிப்பு வரும். சாதாரணச் சிரிப்பில்லை. முதலில் உதட்டோரம் துடிக்கும், அப்புறம் தோள் குலுங்கும், கடைசியில் கண்ணில் தண்ணீர் வந்து பேச்சே நின்றுபோகும். மதுரையில் நாங்கள் பெண் பார்க்கப் போன அன்றைக்கும் இப்படித்தான் சிரித்தாள். கலகலப்பான பெண் என்று எனக்குப் பிடித்துப்போய், வாசல்படி இறங்குவதற்குள் சம்மதம் சொல்லிவிட்டேன். எங்களைப் பார்த்துப் பயந்து சிரித்திருக்கிறாள் என்பது அமெரிக்கா வந்த பிறகுதான் தெரிந்தது.

பல்கலைக்கழகத்தில் நடுவில் ஒரு வாய்மொழிப் பரீட்சை வைத்தபோதும் சிரித்துவிட்டாள். பரீட்சை வைத்த பேராசிரியர் தன் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டாராம். மறுபடி வரச் சொல்லிவிட்டார்கள். இப்போது தீசிஸ் எல்லாம் எழுதியாகிவிட்டது, கடைசிப் பரீட்சைதான் பாக்கி. அதற்கு டிபென்ஸ் என்று பெயர். கமிட்டி என்று சிலர் வரிசையாக உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள், இவள் எதிரே நின்று பதில் சொல்ல வேண்டும். சிரித்தால் இத்தனை வருஷப் படிப்பும் போச்சு.

"எனக்கு வேண்டாம்த்தே. நான் போகல. அவங்கள நெனச்சாலே சிரிப்பு வருது" என்று சமையலறையில் நின்று சொன்னாள். சொல்லும்போதே உதட்டோரம் துடித்தது.

நாலு பேர் வரிசையாக உட்கார்ந்து ஒரு பெண்ணைக் கேள்வி கேட்கிற காரியம் எனக்குத் தெரியாததா? அந்த வரிசைக்கு எதிரேயும் உட்கார்ந்திருக்கிறேன், வரிசையிலேயும் உட்கார்ந்திருக்கிறேன். வீட்டிலேயே தினம் ஒரு முறை நடத்திப் பழக்கிவிட்டால் பயம் தெளிந்துவிடும் என்று சொல்லிவிட்டேன்.

கமிட்டிக்கு நான் தலைவி. சேலைக்கு மேலே மகனுடைய கோட்டைப் போட்டுக்கொண்டேன். இன்னொரு ஆளாகக் கீழ் அபார்ட்மென்டில் இருந்த கோயமுத்தூர் அம்மாவைக் கூப்பிட்டேன். மகள் வயிற்றுப் பேரனைப் பார்த்துக்கொள்ள வந்தவர். பிள்ளை தள்ளுவண்டியில் தூங்கும், அவர் கமிட்டியில் உட்காருவார். முதல் நாள் முறைப்படி கேசரியும் பஜ்ஜியும் செய்து, தட்டை மருமகள் கையில் கொடுத்தேன்.

"அத்தே, டிபென்ஸ்ல பஜ்ஜியெல்லாம் கெடையாது."

"பின்ன எதுக்கு அத்தனை பேரு வேலைய விட்டுட்டு வர்றாங்க? கொண்டுவந்து வை. வச்சிட்டு நின்னு பேசு."

கோயமுத்தூர் அம்மா பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே, "பொண்ணுக்குப் பாடத் தெரியுமாங்க?" என்றார். அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பில் தள்ளுவண்டிப் பிள்ளை எழுந்துவிட்டது.

இரண்டாம் நாளிலிருந்து பாடத்தைத் தமிழில் சொல்லச் சொன்னோம். நல்லாத்தான் சொன்னாள். ஒரு கிரேக்கப் பெரியவருக்குக் கற்பனை என்றாலே ஆகாதாம். கட்டில் என்ற எண்ணம் கடவுளிடம் இருக்கிறது, அதைப் பார்த்துத் தச்சன் ஒரு கட்டில் செய்கிறான், அந்தக் கட்டிலைப் பார்த்து ஓவியன் படம் வரைகிறான். ஆக, படம் நகலுக்கு நகல், பொய்க்குப் பக்கம் என்றாராம்.

"மூணு கட்டில்லயும் படுத்துக்கிற மாதிரி இருக்கறது தச்சன் செஞ்சதுதானுங்க. அதுக்குப் போயி இத்தனை பேச்சா?" என்றார் கோயமுத்தூர் அம்மா.

அவரிடம் படித்த இன்னொருவர் கொஞ்சம் இறங்கி வந்தாராம். கண்ணால் பார்ப்பது ஒன்று, அறிவால் யோசிப்பது ஒன்று, கற்பனை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது என்றார். மெழுகில் மோதிரத்தை அழுத்தி எடுத்தால் தடம் நிற்கிற மாதிரி, பார்த்த பொருள் போன பிறகும் மனசில் நிற்பதுதான் கற்பனை. அது இல்லாமல் யோசனையே ஓடாது. ஆனால் அதற்கு மேல் அதற்கு மரியாதை இல்லை. கண் கொண்டுவந்ததை வாங்கி அறிவுக்கு எடுத்துக் கொடுக்கிற எடுபிடி வேலைதான். பல நூறு வருஷம் கழித்து வேறு நாட்டில் வந்த கவிஞர்கள், கற்பனைதான் எல்லாவற்றுக்கும் மேல், அதுதான் உலகத்தையே புதுசாகப் படைக்கிறது என்று சொல்லிவிட்டார்களாம்.

"அதாவது மருமகளா உள்ள வந்தவ மாமியார் ஆயிட்டா" என்றேன்.

"ஆமாத்தே" என்றாள். இந்த இடத்தில் சிரிப்பு வரவில்லை என்பதைக் கவனித்துக்கொண்டேன்.

எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தது, எறும்பு வரும் வரைக்கும். அந்த இரண்டாவது கிரேக்கப் பெரியவர் எந்தெந்தப் பிராணிக்குக் கற்பனை உண்டு என்றும் எழுதி வைத்திருக்கிறார். பல பிராணிகளுக்கு உண்டாம். எறும்பு, தேனீ, புழு இதுகளுக்குக் கிடையாதாம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த அபார்ட்மென்டில் சர்க்கரை டப்பாவை நான் எத்தனை இடத்தில் ஒளித்து வைத்திருப்பேன்! அடுப்புக்கு மேல் அலமாரி, பாத்திரம் கழுவுகிற மெஷினுக்குள், ஒரு தடவை மகனுடைய சூட்கேசுக்குள்கூட. மறுநாள் காலையில் வரிசை கட்டி நிற்கும்.

"கண்ணுல படாத சர்க்கரைய மனசுல நெனைக்காம எப்படி வரும்? எறும்புக்குக் கற்பனை இல்லைன்னு சொன்ன மனுஷன் சமையக்கட்டுப் பக்கமே போயிருக்க மாட்டாரு" என்றேன்.

"அதெப்படிங்க?" என்று கோயமுத்தூர் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதே எறும்பு நேரா எண்ணெக் கிண்ணத்துக்குள்ள வந்து உழுகுதே. உழுந்தா செத்துப்போவோம்னு ஒரு நெனப்பு வேண்டாமுங்களா? கற்பனை இருந்தா உழுகுமா?"

"உங்க வீட்டு எறும்பு உழுகும். எங்க வீட்டு எறும்பு சுத்திப் போகும்."

"ஓஹோ, எறும்புலயும் உங்க வீட்டு எறும்பு ஒசத்தியாக்கும்!"

அன்றிலிருந்து கமிட்டி கூடுவதே எறும்புக்காக என்று ஆகிவிட்டது. மருமகள் கட்டிலில் ஆரம்பித்தாலும் மெழுகில் ஆரம்பித்தாலும் நாங்கள் எறும்புக்குப் போய்விடுவோம். அவர் தன் வீட்டிலிருந்து எண்ணெய்க் கிண்ணத்தையே சாட்சிக்குக் கொண்டுவந்து காட்டினார். மருமகள்தான் நடுவில் வந்து நிற்பாள். ஒரு உள்ளங்கையை எனக்கு நேரே, ஒன்றை அவருக்கு நேரே நீட்டி, "மொதல்ல ஆன்ட்டி முடிக்கட்டும். அப்பறம் அத்தை. நடுவுல யாரும் பேசக் கூடாது" என்பாள். சிரிக்க அவளுக்கு எங்கே நேரம்? எங்களைப் பிரித்துவிட்டால் போதும் என்றிருந்தாள்.

டிபென்ஸ் நாள் வந்தது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று சொன்னதால், அரக்குப் பட்டுக் கட்டிக்கொண்டு நானும் போனேன். மகன் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். கோயமுத்தூர் அம்மாவுக்குப் பிள்ளையை விட்டுவிட்டு வர முடியவில்லை. சின்ன அறைதான், நீள மேஜை. கமிட்டியில் எனக்கு இரண்டு பேரை நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒருவர் தாடிக்காரர். இன்னொருவர் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்த அம்மா. இரண்டு பேரும் மேஜையின் இரண்டு கோடியில் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவர் பக்கம் ஒருவர் திரும்பவே இல்லை.

மருமகள் பேசினாள். எனக்கு இங்கிலீஷ் புரியாவிட்டாலும் கை ஆட்டுவதை வைத்து இப்போது கட்டில், இப்போது மெழுகு என்று பிடித்துக்கொண்டே வந்தேன். எறும்பு வரவில்லை. விட்டுவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பேசி முடித்ததும் தலைவராக இருந்தவர் எங்கள் பக்கம் திரும்பி, "கொஸ்டின்ஸ்?" என்றார்.

முதல் கேள்வி தலைவி கேட்பதுதானே வழக்கம்? எழுந்து நின்றேன்.

"அம்மா, உக்காரும்மா! அது சும்மா மரியாதைக்குக் கேக்குறது" என்று மகன் முந்தானையைப் பிடித்து இழுத்தான்.

"எனக்கும் மரியாதை தெரியும்டா" என்று சொல்லிவிட்டு, மருமகளைப் பார்த்துத் தமிழில் கேட்டேன். "எறும்புக்குக் கற்பனை இல்லைன்னு அவரு எழுதுனாரே, அத மட்டும் ஏம்மா விட்டுட்ட? எறும்புக்கு உண்டா, இல்லையா?"

அவள் முகம் வெளுத்தது. உதட்டோரம் துடிக்க ஆரம்பித்தது. மகன் தலையில் கை வைத்துக்கொண்டான். நான் என்ன கேட்டேன் என்று தலைவர் அவளிடம் விசாரித்தார். எனக்காகப் பேசுவது அவளுக்குப் பழக்கம். கடையில், பல் டாக்டரிடம், பேங்க்கில், நான் தமிழில் சொல்லச் சொல்ல அவள் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே வருவாள். அதே பழக்கத்தில் கேள்வியைச் சொல்லிவிட்டாள்.

அவ்வளவுதான். தாடிக்காரர் மேஜையைத் தட்டினார். சங்கிலி அம்மா கண்ணாடியை மாட்டினார். முதன்முறையாக ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்து, உரக்கப் பேச ஆரம்பித்தார்கள்.

பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அந்தப் பெரியவருடைய ஏட்டைப் பிற்காலத்தில் பார்த்து எழுதியவர்கள் கை தவறிவிட்டார்கள், எறும்புக்கும் தேனீக்கும் கற்பனை உண்டு, புழுவுக்குத்தான் இல்லை என்பதுதான் அவர் நினைத்தது என்று தாடிக்காரர் கட்சி. ஏட்டில் இருப்பதை மாற்ற நீ யார் என்று சங்கிலி அம்மா கட்சி. இந்த எறும்பால் இரண்டு பேருக்கும் வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லை. எறும்பை மட்டும் தொட்டுவிடாதே என்று மருமகளுக்கு முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதை என்னிடம் சொல்லியிருக்க வேண்டாமா?

சத்தம் ஏறிக்கொண்டே போனது. தலைவர் கூரையைப் பார்த்தார். மருமகள் தோள் ஒரு தடவை குலுங்கியது. போச்சு, இத்தனை வருஷமும் போச்சு என்று நினைத்தேன். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது அவள் மேஜைக்கு நடுவில் வந்து நின்றிருந்தாள். ஒரு உள்ளங்கை தாடிக்காரருக்கு நேரே, ஒன்று சங்கிலி அம்மாவுக்கு நேரே. குரல் வீட்டுக் குரல். இங்கிலீஷில்தான் சொன்னாள், ஆனால் எனக்கு ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. முதலில் அவர் முடிக்கட்டும், அப்புறம் நீங்கள், நடுவில் யாரும் பேசக் கூடாது.

இருவரும் அடங்கிவிட்டார்கள். தாடிக்காரர் சொல்லி முடித்தார், அந்த அம்மா சொல்லி முடித்தார். அப்புறம் இவள் பேசினாள், வெகுநேரம் பேசினாள். முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் இல்லை. பள்ளிக்கூடத்து டீச்சர் மாதிரி இருந்தாள். என்ன பதில் சொன்னாள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இரண்டு பேரும் தலையாட்டியதைப் பார்த்தால், இரண்டு பேருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்திருப்பாள்.

எங்களை எல்லாம் வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்று சொல்லாமல் உடனே முடிவு சொல்கிற வழக்கம் எனக்குப் பிடித்திருந்தது. நடையில் நின்றோம். மகன் என்னை விட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டான். மருமகள் சுவரில் சாய்ந்து, "அத்தே, நான் சிரிச்சேனா?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்லடி" என்றேன்.

கதவு திறந்தது. தலைவர் கை நீட்டி, டாக்டர் என்று சேர்த்து அவள் பெயரைச் சொன்னார். அவள் பின்னால் திரும்பி, யாரைக் கூப்பிடுகிறார் என்று பார்த்தாள். நான்தான் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினேன்.

ஆனால் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். தீசிஸில் எறும்புக்கு என்று தனியாகச் சில பக்கங்கள் எழுதிச் சேர்த்துக் கொடுத்தால்தான் பட்டம் கைக்கு வரும். காரில் வரும்போது மகன், "முடிஞ்ச வேலைய இழுத்துவிட்டுட்டியேம்மா" என்று புலம்பினான். முக்கியமானதை விட்டுவிட்டு எழுதினால் யார்தான் ஒப்புக்கொள்வார்கள் என்று கேட்டேன். அவள் பின்சீட்டில் ஏற்கெனவே எழுத ஆரம்பித்திருந்தாள்.

அடுத்த வாரம் அபார்ட்மென்ட் ஆபீசிலிருந்து ஒருவர் முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு பூச்சி மருந்து அடிக்க வந்தார். அவள் பேனாவும் கையுமாகச் சமையலறை வாசலில் குறுக்கே நின்றுகொண்டு, அடுத்த மாதம் வரச் சொல்லித் திருப்பி அனுப்பினாள். அவர் எட்டிப் பார்த்தார். மேடை மேலே சர்க்கரையும் எண்ணெய்க் கிண்ணமும் வைத்து, இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் கோயமுத்தூர் அம்மாவும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.