கடைசிப் பாகத்தின் பெயர்ப் பட்டியல்

1. கோதுமைத் துரு

பன்னிரண்டாம் பாகத்தின் டேப்பை மெஷினில் போட்டேன். விண்வெளி நிலையம் வெடிக்க வேண்டிய இடத்தில், வயலுக்கு நடுவே ஒருவர் நின்றுகொண்டு கோதுமையில் வரும் துருநோயைப் பற்றி இந்தியில் விளக்கிக்கொண்டிருந்தார். பெட்டியின் மேலே லேபிள் மட்டும் சுத்தமாக இருந்தது: 'நௌவீ சௌக்கி, பாகம் 12, கடைசி.' சீரியலின் பெயருக்கு ஒன்பதாவது காவல்சாவடி என்று அர்த்தம்.

நான் ஸ்டெல்லா, நாகர்கோவில்காரி. நர்ஸாக வந்த அக்காவின் பின்னால் தில்லிக்கு வந்து வீடியோ எடிட்டிங் கற்றுக்கொண்டவள். அப்போது ஓக்லாவில் ஒரு ஹோம் வீடியோ கம்பெனியில் எடிட்டர். எண்பதுகளில் தெருவையே வீட்டுக்குள் உட்காரவைத்த அந்த விண்வெளி சீரியலை நான்கு விசிடிகளாக வெளியிட எங்கள் முதலாளி சாவ்லா உரிமை வாங்கியிருந்தார்.

டேப் தட்டுப்பாடு இருந்த காலத்தில், ஒளிபரப்பான நிகழ்ச்சியை அழித்துவிட்டு அதே டேப்பில் வேறொன்றைப் பதிவது எல்லா இடத்திலும் வழக்கம்தான். தெரிந்தும் எனக்கு வயிறு எரிந்தது. எழுபது பேர் ஒரு வருஷம் உழைத்ததை ஒரு பொத்தானில் அழித்துவிட்டு லேபிளைக் கிழிக்கக்கூட ஒருவனுக்குக் கை வரவில்லை.

பேப்பரில் சின்னதாக விளம்பரம் கொடுத்தோம். வீட்டில் பதிவு செய்த விஎச்எஸ் கேசட்டுகளோடு மூன்று பேர் வந்தார்கள். மூன்றிலும் கதை முடிந்ததுமே படம் நின்றுவிட்டது. டேப்பை மிச்சம் பிடிப்பதற்காகப் பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் எல்லோரும் ஸ்டாப் பொத்தானை அமுக்கியிருந்தார்கள். அந்த சீரியலில் வாராவாரம் நடிகர்கள் பெயர் மட்டும்தான் வரும். தச்சர், தையல்காரர், லைட்காரர் என்று உழைத்த அத்தனை பேர் பெயரும் கடைசிப் பாகத்தின் முடிவில் ஒரே ஒரு முறைதான் ஓடியது.

2. இரண்டு பிரதி

நான்காவதாக ஜனக்புரியிலிருந்து போன் வந்தது. வைத்தியநாதன், மத்திய சர்க்காரில் செக்ஷன் ஆபீசராக இருந்து ரிட்டயர் ஆனவர்.

"எங்க கேசட்ல பேரெல்லாம் முழுசா இருக்கும்மா. என் ஆத்துக்காரி பேரும் அதுல வர்றது. அதனாலதான் நிறுத்தல."

நேரில் போனேன். அவர் மனைவி சரோஜா மாமி கேசட்டைப் பட்டுத்துணியில் சுற்றி வைத்திருந்தார். மோதி பாக் குவார்ட்டர்ஸில் இருந்தபோது மாமியின் நவராத்திரிக் கொலு பிரசித்தம். படிக்குக் கீழே ஒரு வருஷம் ரயில்வே ஸ்டேஷன், ஒரு வருஷம் ஏர்போர்ட். பின் பிளாக்கில் குடியிருந்த சீரியல் டைரக்டர் சுண்டல் வாங்க வந்தவர், ஏர்போர்ட்டைப் பார்த்துவிட்டு நகரவே இல்லையாம்.

"ஒரு கிரகமும் நிலையமும் பண்ணித் தருவேளான்னு கேட்டார். எனக்கென்ன, கொலுல பார்க் கட்றாப்பலதானே? இட்லித் தட்டைக் கவுத்து, பவுடர் டப்பாவெல்லாம் ஒட்டி, வெள்ளிப் பெயின்ட் அடிச்சேன். அதான் சௌக்கி."

நாடே வாய் பிளந்து பார்த்த விண்வெளி நிலையம் இட்லித் தட்டு! நான் சிரித்தேன். மாமி சிரிக்கவில்லை.

"சிரிக்காதேடியம்மா. ரேஷன் கார்டு, பாஸ்புக், சிஜிஹெச்எஸ் ஆஸ்பத்திரிக் கார்டு, எல்லாத்துலயும் 'வைஃப் ஆஃப்'னு இவரோட தொங்கிண்டிருப்பேன். 'மாடல்கள்: சரோஜா'ன்னு வெறுமே எம்பேரு மட்டும் வந்தது அங்க ஒண்ணுலதான்."

வைத்தியநாதன் டைப் அடித்த ஒரு கடிதத்தை நீட்டினார், இரண்டு பிரதி. கேசட்டை இலவசமாகத் தருகிறோம், பெயர்ப் பட்டியலை முழுதாக வைக்க வேண்டும் என்பதே ஒரே நிபந்தனை.

"ஆபீஸ் காப்பில 'ரிசீவ்ட்'னு போட்டு ஒரு கையெழுத்து. சீல் இருக்கோல்லியோ?"

ஒரு கேசட்டுக்கு இத்தனை சர்க்கார் ஆர்ப்பாட்டமா என்று உள்ளுக்குள் கேலி செய்தேன். அவருடைய திருப்திக்காக மறுநாள் சாவ்லாவிடம் சொல்லிவிட்டு, கம்பெனி முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். சாவ்லா ஃபோனிலிருந்து தலையைத் தூக்காமல், "ஹா(ன்), டீக் ஹை" என்று சம்மதித்தார்.

3. ஓடாத பெயர்

கேசட்டில் கோடும் புள்ளியுமாக இருந்ததைச் சீராக்க மூன்று வாரம் ஆனது. பெயர்ப் பட்டியலை இன்னும் கவனமாகச் செய்தேன். மாமியின் பெயர் திரையில் மூன்று விநாடி நின்றது. மாஸ்டர் பிரதியை ஒப்படைத்துவிட்டு கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது டிஸ்க் கடைக்குப் போய்விட்டது. அட்டையின் பின்பக்கம் 'படச் சீரமைப்பு: ஸ்டெல்லா' என்று என் பெயர். அந்தப் பெருமையில் டிஸ்க்கை ஓட்டிப் பார்க்காமலே ஜனக்புரிக்கு எடுத்துப் போனேன். நான் செய்த மடத்தனம் அது.

மாமி பக்கத்து வீட்டு பஞ்சாபிப் பெண்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு வைத்திருந்தார். நிலையம் வெடித்தது. கதாநாயகன் வானத்தைப் பார்த்தான். சட்டென்று திரை கருத்து, எங்கள் கம்பெனியின் சின்னம் சுற்றிக்கொண்டு வந்தது. பிறகு காமெடிப் படம் ஒன்றின் விளம்பரம்.

"நாம் கஹா(ன்) ஹை, ஆன்ட்டிஜி?" என்றாள் ஒருத்தி. பெயர் எங்கே என்று கேட்கிறாள்.

மாமி முந்தானையைச் சரிசெய்தார். "டேப் தேஞ்சிருக்கும். பழசு இல்லையோ? பாவம், இவ என்ன பண்ணுவா."

டேப் தேயவில்லை. அந்தப் பெயரை என் கண்ணால் பார்த்துச் சீராக்கியவள் நான். அதை அங்கேயே சொன்னேன். மாமி உள்ளே போய் எல்லோருக்கும் காபி கலந்துகொண்டு வந்தார்.

4. ஃபைல் பெண்டிங்

மறுநாள் காலை சாவ்லாவின் அறைக்குள் கதவைத் தட்டாமல் போனேன்.

"அரே மேடம், எண்ட் டைட்டில் கோன் பட்தா ஹை?" என்றார். பெயரையெல்லாம் எவன் படிக்கிறான் என்று அர்த்தம்.

"கடைசி டிஸ்க்கில் இடம் இருந்தது சார். மூன்று பாகமும் பெயர்களோடு சேர்த்து எழுபத்திரண்டு நிமிஷம்தான். எழுபத்துநாலு வரை கொள்ளும்."

"அப்ப என் விளம்பரத்தை எங்க போடறது?"

இடமில்லாமல் வெட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். ஓசியில் வாங்கிய கேசட்டிலிருந்து, அதைக் கொடுத்தவளின் பெயரை வெட்டி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் தன் விளம்பரத்தை ஒட்டியிருக்கிறார். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பது வேறென்ன? இதை இந்தியில் எனக்குத் தெரிந்தவரை உரக்கச் சொன்னேன். கம்பெனி முத்திரையைக் கண்ட காகிதத்தில் குத்த உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று அவர் திருப்பிக் கத்தினார்.

அடுத்த திங்கட்கிழமை பத்து மணிக்கு வைத்தியநாதன் வந்தார். தேய்த்த சட்டை, கையில் ஃபைல், டிபன் டப்பா. ரிசப்ஷனில் உட்கார்ந்து, "மேரா ஃபைல் பெண்டிங் ஹை" என்றார். ஒரு மணிக்கு மோர்சாதம் சாப்பிட்டார். ஐந்து மணிக்கு எழுந்து போனார். செவ்வாய்க்கிழமையும் வந்தார். வருகிற விநியோகஸ்தர்களிடமெல்லாம் தன் விஷயத்தை மரியாதையாக, விலாவாரியாக, கடிதத்தைக் காட்டிச் சொன்னார். சண்டை போட்டிருந்தால் சாவ்லா வாட்ச்மேனைக் கூப்பிட்டிருப்பார். மோர்சாதம் சாப்பிடும் பெரியவரை என்ன செய்வது?

இரண்டாம் வாரம் வியாழக்கிழமை எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார்கள். வைத்தியநாதன் என் கையெழுத்தும் முத்திரையும் இருந்த பக்கத்தை மேஜையில் வைத்தார்.

"உங்களுக்கு உரிமை குடுத்த சீரியல் ப்ரொட்யூசருக்கும் ஒரு காப்பி மார்க் பண்ணப் போறேன். ஃபார் இன்ஃபர்மேஷன்தான்."

சாவ்லா அந்த முத்திரையை வெகுநேரம் பார்த்தார். இரண்டாவதாக அடிக்கும் லாட்டில் விளம்பரத்தை எடுத்துவிட்டுப் பெயர்ப் பட்டியலைச் சேர்க்கச் சொன்னார். என்னைப் பார்க்கவே இல்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு இரண்டு விஷயம் சொல்வேன். மாஸ்டரைக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று ஊருக்குப் போகாதீர்கள், டிஸ்க்கைக் கடைசிவரை ஓட்டிப் பாருங்கள். முதலாளியின் 'டீக் ஹை'யை நம்பாதீர்கள், எழுதி வாங்குங்கள். நான் கேலி செய்த அந்த ஒரு கையெழுத்து இல்லாவிட்டால் என் கத்தலும் வைத்தியநாதனின் காத்திருப்பும் காற்றோடு போயிருக்கும்.

இரண்டாவது லாட் வந்ததும் முதலில் கடைசிவரை ஓட்டிப் பார்த்தேன். பிறகு ஜனக்புரிக்குப் போனேன். 'மாடல்கள்: சரோஜா' வந்ததும் மாமி ரிமோட்டைப் பிடுங்கி நிறுத்தும் பொத்தானை அமுக்கினார். படம் அப்படியே நின்றது. பஞ்சாபிப் பெண்கள் கைதட்டினார்கள். வைத்தியநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

மாமி அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தை விரல் வைத்துப் படித்தார். மறுபடி மேலிருந்து படித்தார். போன தடவை என் பெயர் இருந்த வரி இந்த அட்டையில் இல்லை.

"ஏண்டி ஸ்டெல்லா, உம்பேரு எங்க?"

"தேஞ்சிருக்கும் மாமி" என்றேன்.

மாமி சிரிக்கவில்லை. "ஏன்னா, அந்த டைப்ரைட்டரை எடுங்கோ" என்றார்.