திரும்பி வந்த தொப்பிகள்

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் சசிகலாவுக்கு வலது மணிக்கட்டு வீங்கிக்கொண்டது. ஒரகடத்துக்குப் பக்கத்தில், பஜார்லேன் என்ற ஆன்லைன் கம்பெனியின் கிடங்கில் அவள் பெட்டி கட்டுகிறவள். ஜனங்கள் ஃபோனில் கேட்ட சாமான் பெல்ட்டில் வரும். அட்டைப் பெட்டியில் வைத்து டேப் ஒட்டித் தள்ள வேண்டும். டேப்பை இழுத்து இழுத்தே கை போயிற்று. தோசைக்கரண்டியைக்கூடப் பிடிக்க முடியவில்லை.

வேலை போய்விடும் என்றுதான் நினைத்தாள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் வேலை பார்த்த ஃபோன் கம்பெனி ஒருநாள் கேட்டைப் பூட்டிக்கொண்டது. அப்புறம் படப்பையில் வீட்டோடு இருந்து ஜாக்கெட் தைத்தாள். புருஷன் கன்னியப்பன் எலக்ட்ரிஷியன், கூப்பிட்டால்தான் வேலை. கிடங்கில் சேர்ந்த பிறகுதான் குடும்பம் கொஞ்சம் மூச்சுவிட்டது.

ஷிஃப்ட் சூப்பர்வைசர் ஷாரோன் அவளைவிடச் சின்னவள். வீக்கத்தைப் பார்த்ததும் பதறிப்போனாள்.

“இன்னாக்கா இது? இத்தினி நாளா சொல்லாமயே வேலை பாத்துகினு இருந்தீங்களா?”

“சொன்னா நிறுத்திடுவீங்கன்னு பயம் மேடம்.”

“நிறுத்துறதா! ரிட்டர்ன்ஸ்ல ஆளில்லாம நான் தவிக்கிறேன். நாளைலேர்ந்து அங்க வந்துடுங்க. டேப்பு வேலையே கிடையாது.”

ரிட்டர்ன்ஸ் என்றால் வாங்கினவர்கள் பிடிக்காமல் திருப்பி அனுப்பியது. பிரித்துப் பார்த்து, திரும்ப விற்கலாமா கூடாதா என்று ஒதுக்க வேண்டும். அதில் ஹெல்மெட்டுக்குள் போடுகிற துணித் தொப்பி கூடை கூடையாக வந்தது. சாயம் நெற்றியில் ஒட்டுகிறது, தையல் உறுத்துகிறது என்று ஆளுக்கொரு புகார். தையல் தெரிந்தவள் சும்மா இருப்பாளா? உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். மடிப்பு காதுக்கு மேலேயே விழுந்திருந்தது.

கை குணமானதும், சாயம் ஏற்றாத பருத்தித் துணியில், மடிப்பைப் பின்னால் தள்ளி ஒரு தொப்பி தைத்தாள். கன்னியப்பன் அதைப் போட்டுக்கொண்டு சிங்கப்பெருமாள் கோவில் வரை பைக்கில் போய் வந்தான். “சசி, தொப்பி போட்டதே மறந்துட்டேன்” என்றான்.

மறுநாள் கேன்டீனில் ஷாரோனிடம் காட்டினாள். ஷாரோன் அதைத் தலையில் மாட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “இத நீங்க விக்கலாங்க்கா. நம்ம கம்பெனி மொதல்ல புஸ்தகம் மட்டுந்தான் வித்துது. அப்புறம் செருப்பு, குக்கர்னு எல்லாம். அதுக்கும் அப்புறம், யார் வேணா நம்ம கடையில விக்கட்டும்னு கதவத் தொறந்து வுட்டாங்க. சரக்கு உங்களுது. அடுக்கி வெக்க ரேக்கு, கொண்டுபோக வண்டி, விளம்பரம் எல்லாம் அவங்களுது. ஒவ்வொண்ணுக்கும் பங்கு எடுத்துக்குவாங்க. ஆனா இங்க வேலையில இருந்துகினு விக்க முடியாது. யோசிச்சிக்கோங்க.”

மாதச் சம்பளத்தை விட அவளுக்கு மனசு வரவில்லை. அதற்கும் ஷாரோனே வழி பார்த்தாள். கம்பெனி தன் கடைக்காக வாங்கிப்போட்ட கம்ப்யூட்டர்களை வெளியாட்களுக்கும் வாடகைக்கு விட ஆரம்பித்திருந்தது. கிளவுட் என்றார்கள். அந்தக் கட்டடத்துக்கு எலக்ட்ரிஷியன் தேடுகிறார்கள் என்று கன்னியப்பனுக்குச் சொல்லி அனுப்பினாள். ஜன்னலே இல்லாத கட்டடம், வரிசை வரிசையாக மெஷின்கள். வெளியே வெயில் கொளுத்த, உள்ளே ஸ்வெட்டர் போடுகிற குளிர். கரண்ட் நிற்காமல் பார்த்துக்கொள்வது அவன் வேலை. அவனுக்கு அது நிரந்தரமானதும் சசிகலா துணிந்து கிடங்கை விட்டு நின்றாள்.

கன்னியப்பன்தான் மாடல். தொப்பியோடு வெட்கப்பட்டு நின்றவனை ஷாரோன் படம் எடுத்துக் கடையில் ஏற்றினாள். முதல் தொப்பி அஸ்ஸாமுக்குப் போயிற்று. பிறகு கோயம்புத்தூர், நாக்பூர் என்று நாலா பக்கமும்.

ஆறேழு மாதம் கழித்து, ஒருநாள் காலையில் தொப்பி கடையிலேயே இல்லை. தங்கள் டிசைனைத் திருடிவிட்டாள் என்று வேறொரு வியாபாரி புகார் கொடுக்க, கம்ப்யூட்டர் தானாகவே அவள் சரக்கை மறைத்துவிட்டது. கேட்டுக் கேட்டு எழுதினாள். கம்ப்யூட்டரே ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப அனுப்பியது. மனுஷர் யாருமே இல்லையா என்று அழுதாள்.

ஷாரோன் லீவு நாளில் ஷேர் ஆட்டோ பிடித்துப் படப்பைக்கு வந்தாள். அந்த வியாபாரியின் தொப்பி ஒன்றையும் வாங்கி, இரண்டு தொப்பிகளையும் பிரித்து, மடிப்பைப் படம் எடுத்து, இது வேறு அது வேறு என்று தெளிவாக எழுதி மேலே அனுப்பினார்கள். அடுத்த வாரம் கம்பெனியிலிருந்து ஒருவர் ஃபோன் செய்தார்.

“நான் படமெல்லாம் பாத்தேம்மா. உங்க தொப்பி வேறதான். இன்னிக்கே திரும்பப் போட்டுடறேன்.”

“சாமி மாதிரி பேசினீங்க. உங்க பேரு இன்னாங்க?”

“நிலவன்மா.”

அவர் முகத்தை அவள் பார்த்ததில்லை. என்றாலும் செவ்வாய்க்கிழமை கோவிலில் அர்ச்சனைக்குப் பெயர் சொல்லும்போது நிலவன் பெயரையும் சேர்த்தாள்.

இப்போது தெருவில் இருக்கிற பெண்கள் நாலு பேர் அவள் வீட்டுக்கு வந்து தைக்கிறார்கள். கம்பெனி தன் பங்கைக் கூட்டும்போது சசிகலா முணுமுணுப்பதும் உண்டு. ஒருநாள் கன்னியப்பன் சிரித்தான். “கடையில பெருசா லாபம் இல்லியாம். எங்க மெஷின் வாடகைலதான் கம்பெனிக்குத் துட்டு கொட்டுதாம்.”

“கொட்டட்டும். ரெண்டு பக்கத்துலயும் நமக்குச் சோறு கீதுல்ல?”

போன மாதம் ஷாரோனுக்குப் பிரமோஷன் கிடைத்து ஓசூருக்கு மாற்றல் ஆயிற்று. கிளம்புகிற அன்று சசிகலா அவளை வீட்டுக்குக் கூப்பிட்டு வஞ்சிரம் வறுத்துப் போட்டாள். நன்றி சொல்லலாம் என்று வாயெடுத்தவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இன்னாக்கா, இப்பப் போய் அழுதுகினு.”

“நீ இல்லன்னா நாங்க எங்கயோ போயிருப்போம், ஷாரோனு.” முதல் தடவையாக மேடம் போடாமல் பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.

ஷாரோனின் கண்ணும் கலங்கியது. “இன்னொரு துண்டு வைங்கக்கா” என்று தட்டை நீட்டினாள்.