ஏரிக்கு முதுகைக் காட்டி

சனிக்கிழமை காலை, நாங்கள் குடியிருக்கும் லோத்குண்டாவிலிருந்து ஷாமீர்பேட் ஏரிக்குக் கிளம்பினோம். பக்கத்தில்தான். ஆனால் வெளியூரில் அறை எடுத்தால்தான் மூளை வேலை செய்யும் என்று என் கணவர் எங்கோ படித்திருந்தார். அவர் பாதுகாப்புத் துறை ஆய்வகத்தில் இருப்பவர். நான் வீட்டில் அரைத்து விற்கும் எள்ளு மிளகாய்ப்பொடிக்கும் ஒரு திட்ட அறிக்கை இருந்தால்தான் அவருக்கு நிம்மதி. 'விற்கும்' என்பது கொஞ்சம் மிகை. அதுவரை வாங்கியவர்கள் மூன்று பேர். அதில் இருவர் அவருடைய சித்திகள்.

எனக்கு அது விளையாட்டில்லை. மகள் பிறந்தபோது நான் விட்ட வேலைக்குத் திரும்ப அழைத்திருந்தார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். பொடியா, வேலையா என்பதை ஏரி முடிவு செய்யும்.

ஏரி தெரியும் அறைதான். மடிக்கணினிக்கான மின்இணைப்பு எதிர்ச்சுவரில் இருந்ததால், இரண்டு நாளும் ஏரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தோம். பாட்டில்களுக்கு மூன்று விதமான லேபிள் அடித்துக் கொண்டுவந்திருந்தேன். பச்சை, மருந்துக் கடையை நினைவூட்டியது. மஞ்சள், கல்யாணப் பத்திரிகை. சிவப்பைப் பார்த்தால் என் பொடியை நானே வாங்கப் பயப்படுவேன்.

"நம்ம கஸ்டமர் யாருன்னு முதல்ல முடிவு பண்ணணும்" என்றார் கணவர். மதியம் வரை யோசித்து முடிவு செய்தோம்: முப்பத்திரண்டு வயது, வேலைக்குப் போகும் தாய், காலையில் மூச்சு விட நேரமில்லாதவள். திங்கட்கிழமை நான் 'சரி' என்று எழுதினால், அது நான்தான்.

ஞாயிறு காலை விடுதி இட்லியைப் பார்த்த என் நான்கு வயது மகள், "நக்கோ அம்மா", வேண்டாமாம், என்று தட்டைத் தள்ளினாள். வெளி உணவுக்கு அனுமதியில்லை என்ற பலகைக்குக் கீழேயே, பையிலிருந்த எவர்சில்வர் பொடி டப்பாவைத் திருட்டுத்தனமாகத் திறந்தேன். பக்கத்து மேசையில் ஓர் அம்மாள், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வயது, திரும்பிப் பார்த்துத் தெலுங்கில் கேட்டார்.

"ஏம் பொடி அம்மா? வாசன பாகுந்தி!"

வாசனை நன்றாக இருக்கிறதாம். இரண்டு நாளாகத் தேடிய வாடிக்கையாளர், தானாக வந்து கேட்கிறார். நான் டப்பாவை அப்படியே நீட்டி, "தீஸ்கோண்டி, பரவாலேது" என்றேன். எடுத்துக்கொள்ளுங்களாம். லேபிள் ஒட்டாத பாட்டில்கள் அறையில் பத்திரமாக இருந்தன.

"இதுக்குத்தான் ரெண்டு நாளா திட்டம் போட்டோமா?" என்றார் கணவர்.

"சாப்பிடற இடத்துல ஒருத்தங்க கேட்டா, வெலை எப்படிங்க சொல்றது?"

"சித்திங்ககிட்ட மட்டும் சொன்னியே!"

ஒரு மணி நேரத்தில் அந்த அம்மாள் எங்கள் அறைக் கதவைத் தட்டினார். டப்பா திரும்பி வந்தது. "காலீகா இவ்வகூடதுகா" என்று சிரித்தார். எங்கள் வீட்டிலும் அதே வழக்கம்தான். கொடுத்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பமாட்டோம். உள்ளே கோங்குரா என்கிற புளிச்சக்கீரை ஊறுகாய். மூடியின் மேல் கோணலாக ஒரு ஸ்டிக்கர்: அவர் பெயர், கைபேசி எண், ஊறுகாய் வகைகள். என் டப்பாவில், அவருடைய விளம்பரம்.

"இங்கா காவாலண்டே ஃபோன் செய்யம்மா" என்று, இன்னும் வேண்டுமானால் கூப்பிடச் சொல்லி, கேட்காமலே விலையையும் சொன்னார். குரல் நடுங்கவே இல்லை. அவருடைய ஸ்டிக்கரின் நிறம் என்னவென்று இப்போதும் எனக்கு நினைவில்லை.

அந்த அம்மாள் வீட்டார் காரில் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தபோது ஓடினேன். கைக்கு வந்த லேபிளை ஒரு பாட்டிலில் ஒட்டியிருந்தேன், அதுவும் கோணல்தான். "ஆன்ட்டி, நேனு கூட அம்முதானு" என்றேன். நானும் விற்கிறேன் என்று சொல்ல இரண்டு நாளும் ஒரு ஏரியும் தேவைப்பட்டிருக்கிறது. விலையைச் சொன்னபோது என் கண் அவருடைய செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"முந்தே செப்பொச்சுகா!" முன்பே சொல்லியிருக்கலாமே என்று அதட்டிவிட்டு, இரண்டு பாட்டில் கேட்டார்.

திரும்பும் வழியில், காரிலேயே அலுவலகத்துக்கு 'வரவில்லை, நன்றி' என்று எழுதினேன். கணவரிடம் காட்டவில்லை, காட்டியிருந்தால் அறிக்கையாக்கியிருப்பார். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் நான்கு முறை பார்த்துவிட்டு அனுப்பினேன்.