ஆராய்ச்சிக்கு வாங்கிய ஸ்டூல்

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் எனக்கு வேலை. எட்டு மணி நேரமும் மெஷின் முன்னால் நின்று, அறுந்த நூலை முடிந்துகொண்டே இருக்க வேண்டும். எண்பதுகளின் கடைசியில் என் இடது கெண்டைக்காலில் நரம்பு புடைத்துச் சுருட்டிக்கொண்டது. எங்கள் வரிசையில் பாதிப் பெண்களுக்கு அப்படித்தான். நாங்கள் கேட்டது மாற்றி மாற்றிச் செத்த நேரம் உட்கார ஒரு ஸ்டூல். ஒரே ஒரு ஸ்டூல்.

"உக்காந்தா தூக்கம் வரும்" என்றார் மேஸ்திரி. காலி நூல் பெட்டி மேல் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர், அனுபவத்தில்தான் சொல்லியிருப்பார்.

அந்தச் சமயத்தில் மதுரையிலிருந்து ஓர் இளம் டாக்டர் வருவதாகச் சொன்னார்கள். நின்று வேலை செய்கிறவர்களுக்குக் கால் நரம்பு சுருட்டிக்கொள்கிறதா என்று மேல்படிப்புக்கு ஆராய்ச்சி செய்கிறாராம். அவர் என்ன எழுதுகிறாரோ அதன்படியே செய்வோம் என்று ஆபீசில் தாராளமாகச் சொல்லிவிட்டார்கள். ஸ்டூல் வந்துவிடும் என்று நம்பினோம். வரவும் வந்தது. பாலீஷ் போட்ட புது ஸ்டூல். டாக்டர் உட்கார்ந்து எங்கள் கால்களைப் பார்ப்பதற்கு.

முந்தின நாள் மேஸ்திரி ஒவ்வொருத்தி பக்கத்திலும் வந்து மெதுவாகச் சொன்னார். "கால் சரியில்லன்னு டாக்டர் எழுதிட்டா வேலைக்கு வச்சிக்கிட மாட்டாவ. பாத்துப் பதில் சொல்லு."

மறுநாள் ஷிப்டு முடிந்ததும் வரிசையில் நிறுத்தினார்கள். நிற்பது உடம்புக்குக் கெடுதலா என்று கண்டுபிடிக்க எங்களை மேலும் இரண்டு மணி நேரம் நிற்க வைத்தார்கள். டாக்டர் நல்ல பிள்ளை. ரொம்ப நல்ல பிள்ளை. "சேலையைக் கொஞ்சம் தூக்குங்கம்மா" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். நாங்கள் கணுக்கால் தெரியத் தூக்கினோம். அவரும் கணுக்காலைப் பார்த்து எழுதிக்கொண்டார். கெண்டைக்கால் வரைக்கும் ஆராய்ச்சி ஏறவே இல்லை.

"கால் வலி இருக்காம்மா?"

"இல்ல சார்."

உள்ளே நரம்பு தெறித்துக்கொண்டிருந்தது. முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லாமல் சொன்னேன். சாமர்த்தியமாகத் தப்பித்துவிட்டோம் என்று கேண்டீனில் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்னமும் பற்றிக்கொண்டு வருகிறது.

கொஞ்ச நாளில் மதுரையிலிருந்து கடிதம் வந்தது. எங்கள் மில்லில் யாருக்கும் அந்த நோய் இல்லை. ஆபீசில் அதைக் கண்ணாடி போட்டு மாட்டினார்கள்.

இரண்டு வருஷம் கழித்து வேலை நேரத்தில் என் நரம்பு வெடித்தது. காலில் துணியைச் சுற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினேன். தேரடிப் பக்கம் சொந்தமாக ஆஸ்பத்திரி போட்டிருந்த டாக்டரைப் பார்த்தால், அதே பிள்ளை. லேசாகத் தொப்பை விழுந்திருந்தது, கூச்சம் போயிருந்தது. சேலையை முழங்கால் வரை தூக்கச் சொல்லிப் பார்த்தவர், எந்த மில் என்று கேட்டார். சொன்னேன்.

"அங்க யாருக்கும் இது கிடையாதேம்மா. நானே வந்து பாத்திருக்கேன்."

"அந்த வரிசையில நானும் நின்னேன் சார். வலி இல்லன்னு சொன்னேன்."

"ஏம்மா அப்படிச் சொன்னீங்க?"

"வேலை போயிரும்னாவ சார்."

அவர் கட்டுப் போட்டுவிட்டு, இனி நின்று செய்யும் வேலை கூடாது, உட்கார இடம் தர வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

கட்டோடு போய் மேஸ்திரியிடம் அந்தச் சீட்டை நீட்டினேன். அவர் டாக்டர் பெயர் வரைக்கும் நிதானமாகப் படித்தார். ஆபீஸ் பக்கம் கையைக் காட்டினார்.

"நம்ம மில்லுல இந்த நோயே கிடையாதுன்னு இதே டாக்டர்தான எழுதிக் குடுத்திருக்காவ. உன்கிட்டயும் கேட்டுத்தான எழுதுனாவ?"

சீட்டை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். எழுந்திருக்கவில்லை. அவர் உட்கார்ந்திருந்தது டாக்டருக்கு வாங்கிய அந்த ஸ்டூலில்தான்.