நாலு பிளாட்லாக்கும் ஒரு சண்டையும்

சனிக்கிழமை கன்டெய்னர் கிளம்ப வேண்டும். வியாழன் காலையில் நாலாயிரம் டி-சர்ட் கீழ் விளிம்பு மடிக்காமல் கிடந்தது. மடித்துத் தருவதாகச் சொன்ன ஜாப்வொர்க் யூனிட் கையை விரித்துவிட்டது. நான் அப்போது புரொடக்‌ஷன் மேனேஜர். முதலாளி கத்தவில்லை. "சரக்கு ஃபிளைட்ல போற மாதிரி ஆச்சுன்னா, நீங்களும் அதுலயே போயிருங்க" என்றார். கப்பலைத் தவறவிட்டால் விமானக் கூலி கம்பெனி தலையில்தான் விழும்.

ஜாப்வொர்க்காரர்களுக்கென்று ஒரு ஃபேஸ்புக் குரூப் உண்டு. விளிம்பு மடித்துத் தைப்பது பிளாட்லாக் மெஷின். முன்பெல்லாம் "பிளாட்லாக் மெஷின் வேணும்" என்று போட்டால் டீ ஆறுவதற்குள் நாலு போன் வரும். போட்ட வரிசையில் எல்லார் கண்ணிலும் படும். இப்போது யாருக்கு எதைக் காட்டுவது என்று ஃபேஸ்புக்கே முடிவு செய்கிறது. அன்று நானும் போட்டேன். மதியம் வரை என் போஸ்டுக்கு ஒரே லைக், அதுவும் நான் போட்டது. செக்கிங் டேபிளில் தூங்கும் நாயின் படம்தான் மேலே நின்றது.

மெர்ச்சண்டைசர் செல்வி வழி சொன்னாள்: "கமெண்ட்ல சண்டை நடந்தாத்தாங்ணா அது மேல கொண்டாரும்."

சரி என்று கட்டிங் மாஸ்டர் பழனிச்சாமியையும், பேக்கிங் பார்க்கும் திருநெல்வேலிக்காரர் இசக்கியையும் கமெண்டில் மோதவிட்டேன். பழனிச்சாமி எழுதினார்: "நீங்க சொல்றது தப்புங்க. மன்னிச்சுக்குங்க."

"இதெல்லாம் ஒரு சண்டையாவே?" என்று தலையில் அடித்துக்கொண்ட இசக்கி பதில் போட்டார்: "முதல்ல நீரு துணிய நேரா வெட்டும்வே!"

பழனிச்சாமிக்கு முகம் சிவந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்தது நிஜச் சண்டை. சாயங்காலத்துக்குள் நூறு கமெண்ட். போனும் விடாமல் அடித்தது. எடுத்தால் எல்லாரும் சமாதானம் பேசுகிறவர்கள். மெஷின் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை.

மறுநாள் காலை எங்கள் ஊர் ராயபுரத்திலிருந்து சின்னசாமி என்ற யூனிட்காரர் நேரிலேயே வந்துவிட்டார். "ஏனுங்க, ரெண்டு பேரையும் கூப்பிடுங்க, பேசி முடிச்சரலாம்" என்றவர், குவிந்து கிடந்த பீஸைப் பார்த்தார்.

"இதென்னங்க, மடிக்காம கெடக்குது? எங்கிட்ட நாலு பிளாட்லாக் சும்மா நிக்குதுங்க. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுல்லீங்க?"

"அதச் சொல்லப் போய்த்தானுங்க இந்தச் சண்டையே!"

அவருக்குச் சண்டைதான் போய்ச் சேர்ந்திருந்தது. போஸ்டை அவர் படிக்கவே இல்லை.

அவர் மடித்துத் தந்ததில் சனிக்கிழமை சரக்கு போய்விட்டது, என் வேலையும் தப்பியது. பழனிச்சாமியும் இசக்கியும்தான் ஒரு மாதம் பேசிக்கொள்ளவில்லை. தணிகிற நேரத்தில் யாராவது ஒருவருக்கு அந்த போஸ்ட் புதிதாக மேலே வரும், அவர் சமாதானம் பேசக் கிளம்பி வந்துவிடுவார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மெஷின் வேண்டுமென்றால் போன் பண்ணுங்கள். பஞ்சாயத்து வேண்டுமென்றால் மட்டும் குரூப்பில் போடுங்கள்.